வாடி என்றால் வருவதா, உட்காருவதா? நாயோடு குழு வகுப்புக்குப் போகுமுன்

எங்கள் ராணிக்கு இரண்டு வயது ஆனபோதுதான் அவளைக் குழுப் பயிற்சி வகுப்புக்குக் கூட்டிப் போகும் யோசனை வந்தது. நாங்கள் இருப்பது புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில். வகுப்பு கண்டியில், ஞாயிறு காலை. முதல் நாள் நடந்தது இதுதான்: கம்பளைக்கு இறங்கும் வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி. மைதானத்தில் கால் வைத்ததிலிருந்து ஓயாத குரைப்பு. நான் பிடித்திருந்த நைலோன் கயிறு உள்ளங்கையை உரித்துவிட்டது. இதற்கு நடுவில் பயிற்றுநர் ராணியைப் பார்த்து ‘வாடி’ என்றார். அவள் வாலை ஆட்டிக்கொண்டு நேரே அவரிடம் ஓடினாள்.

அவர் சிங்களத்தில் சொன்னார். சிங்களத்தில் ‘வாடி’ என்றால் உட்கார். எங்கள் வீட்டில் பெண் நாயை வேறு எப்படிக் கூப்பிடுவோம்? ‘வாடி ராணி’தான்.

பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒருவர் அன்றே கேட்டுவிட்டார், “நாய் வாலை நிமிர்த்தவா கண்டி வரைக்கும் போனீங்க?” என்று. வால் கிடக்கட்டும். வகுப்புக்குப் போகுமுன் வீட்டிலேயே இரண்டு கிழமை வேலை இருந்தது, அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல்முறை போகிறவர்களுக்காக அதைத்தான் எழுதுகிறேன்.

எதை எதிர்பார்த்துப் போவது

நாய்ப் பயிற்சி என்றதும் நம் ஆட்களுக்குக் கண்டி அஸ்கிரியவில் இருக்கும் பொலிஸ் நாய்ப் பிரிவுதான் ஞாபகம் வரும். அந்த நாய்கள் தினமும், தமக்கென்று இருக்கும் ஒரே ஆளோடு, மாதக் கணக்கில் பழகுகின்றன. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் போய்வரும் நம் நாயை அதோடு ஒப்பிடக் கூடாது.

குழு வகுப்பில் ஐந்தாறு நாய்கள், அவற்றின் வீட்டுக்காரர்கள், ஒரு பயிற்றுநர். உட்கார், வா, நில், கயிறு தொய்வாக நட என்று நான்கைந்து விஷயங்களை நமக்குக் காட்டுவார்கள். நாயைப் பழக்குவது நாம்தான், அதுவும் வீட்டுக்கு வந்த பிறகு. வீட்டில் ஒழுங்காக உட்காரும் நாய் இன்னும் ஐந்து நாய்கள் நிற்கும் இடத்திலும் நம் குரலைக் கேட்குமா என்று பார்ப்பதற்குத்தான் வகுப்பு. ஆகவே நம் குரல் என்றால் என்னவென்றே தெரியாத நாயை நேரே மைதானத்தில் கொண்டுபோய் இறக்கினால், ராணி செய்ததைத்தான் அதுவும் செய்யும்.

எல்லா நாய்க்கும் குழு வகுப்பு ஒத்துவராது. ஆளைக் கடித்த நாய், இன்னொரு நாயைக் காயப்படுத்திய நாய், பயத்தில் மூலையை விட்டு வெளியே வராத நாய் இருந்தால் முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். காதுவலியோ மூட்டுவலியோ இருக்கும் நாயும் சீறும். உங்கள் ஊர் அரச மிருக வைத்திய அலுவலகத்தில் தொடங்கலாம். சிக்கலான விஷயம் என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. அப்படிப்பட்ட நாய்க்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் ஆள்தான் சரி.

வகுப்பைத் தேர்வது

காசு கட்டுமுன் ஒரு வகுப்பை நாய் இல்லாமல் போய்ப் பாருங்கள். அதற்கு விடாத இடத்துக்கு நான் போகமாட்டேன். அங்கே நாய்களின் வாலைப் பாருங்கள், பயிற்றுநரின் வாயைப் பார்ப்பதைவிட அது பிரயோசனம். வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு நிற்கும் நாய்கள் நிறைய இருந்தால் திரும்பிவிடுங்கள்.

கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. ஒரு வகுப்பில் எத்தனை நாய்? ஒரு பயிற்றுநருக்கு ஆறு, ஏழுக்கு மேல் போனால் உங்கள் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். தடுப்பூசி அட்டை கேட்பீர்களா? கேட்கமாட்டோம் என்றால் மற்ற நாய்களின் அட்டையையும் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். நாய் சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன செய்வீர்கள்? இதற்கு வரும் பதில்தான் முக்கியம். தூரமாகக் கொண்டுபோவோம், இலேசாக்குவோம், மறுபடி முயற்சிப்போம் என்றால் நல்லது. இறுக்குச் சங்கிலியைச் சுண்டுவோம் என்றால் வேண்டாம்.

இதில் இரக்கம் மட்டும் காரணமில்லை. உங்கள் நாய் இன்னொரு நாயைப் பார்க்கிறது, அதே நொடியில் அதன் கழுத்து இறுகி வலிக்கிறது. இப்படிப் பத்துத் தடவை நடந்தால், மற்ற நாய் தென்பட்டாலே வலி வரும் என்று அது முடிவுகட்டிவிடும். அப்புறம் நாயைக் கண்டாலே இரண்டு மடங்கு குரைக்கும். குரைப்பை நிறுத்தப் போய்க் குரைப்பைக் கற்றுக்கொடுத்த கதையாகிவிடும்.

ஊசி, அட்டை, உண்ணி

நாய்கள் கூடும் இடத்தில் நோயும் கூடும். விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி கட்டாயம். இந்த நாட்டில் அந்த நோயைப் பற்றிய சட்டம் 1893இலேயே வந்துவிட்டது, நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901இல் வந்தது. நம்மில் எத்தனை பேர் நாயைப் பதிந்திருக்கிறோம் என்பது வேறு கதை. அரசாங்கம் இந்த ஊசியை இலவசமாகப் போடுகிறது. முகாம் எப்போது வரும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்திலோ கேட்டால் சொல்வார்கள். ஊசி போட்டதும் தரும் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். எங்களுடையது ஒரு மழைக்காலம் முழுக்கக் கூரை இடுக்கில் இருந்து கஞ்சியாகிவிட்டது. போனில் ஒரு படம் எடுத்து வைப்பது புத்தி.

அது போதாது. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற நாய் நோய்களுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடும் ஊசி தனி. அதற்கு மிருக வைத்தியரிடம் போகவேண்டும். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தொடங்கி, சில கிழமை இடைவெளியில், பதினாறு கிழமை வயது வரை திரும்பத் திரும்பப் போடுவார்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக் கணக்கில் சாகாமல் கிடக்கும். மைதானத்தில் நாய் எதுவும் இல்லாவிட்டாலும், முன்பு வந்துபோன நோயாளி நாயின் மிச்சம் அங்கே இருக்கலாம்.

இங்கே குட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். எல்லா ஊசியும் முடியட்டும் என்று காத்திருந்தால் குட்டிக்கு நான்கு மாதம் ஆகிவிடும். ஆனால் மனிதர்களையும் சத்தங்களையும் மற்ற நாய்களையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் வயது ஏறக்குறைய மூன்றாம் கிழமையிலிருந்து பதினான்காம் கிழமை வரைதான். அமெரிக்காவில் மிருக நடத்தையைப் பார்க்கும் வைத்தியர்களின் சங்கம் இதற்கு ஒரு நடுவழி சொல்கிறது: முதல் ஊசி போட்டுக் குறைந்தது ஏழு நாள் ஆன, ஏழெட்டுக் கிழமைக் குட்டிகளை, மற்றக் குட்டிகளும் ஊசி போட்டிருக்கும் சுத்தமான இடத்து வகுப்புக்குக் கூட்டிப் போகலாம். உங்கள் பகுதியில் அந்த நேரம் பார்வோ பரவியிருக்கிறதா என்பதை உங்கள் வைத்தியரிடம் கேட்டு முடிவெடுங்கள். வகுப்புக்குப் போகாவிட்டாலும் குட்டியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் நிற்கலாமே. பஸ் ஹோர்ன், பள்ளிக்கூடப் பிள்ளைகள், தலையில் படங்கைப் போட்டுக்கொண்டு வரும் கொழுந்துக்காரப் பெண்கள், எல்லாவற்றையும் கைக்குள் இருந்தபடியே பார்க்கட்டும்.

பூச்சி மருந்து, உண்ணி மருந்து இரண்டையும் ஒரு கிழமை முன்பே முடியுங்கள். தேயிலை மலை வழியாக வந்தால் இரத்தம் குடிக்கும் அட்டையும் கூடவே வரும். கால்விரல் இடுக்கையும் மூக்கு ஓரத்தையும் பாருங்கள். பருவத்துக்கு வந்திருக்கும் பெண் நாயை அந்த மூன்று கிழமையும் வகுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சொல்லாமல் கொண்டுவந்த ஒருவரால் எங்கள் வகுப்பு ஒரு ஞாயிறு கூத்துக் கொட்டகையாகிப் போனது.

சங்கிலியும் கயிறும்

நம் பக்கத்தில் பெரும்பாலான நாய்கள் பகல் முழுக்க மரக்கறித் தோட்டத்து ஓரம் இரும்புச் சங்கிலியில் கட்டப்பட்டிருக்கும். கட்டை அவிழ்க்கும் நேரம் மட்டும்தான் அதற்கு உலகம். கழுத்தில் பிடித்து இழுத்தால் எதிர்த்து இழுப்பது என்ற பழக்கம் அதற்கு ஊறிப்போயிருக்கும். சங்கிலியோடு அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோனால் அங்கேயும் இழுக்கும். சங்கிலி கனம், சலசலப்பு, கையில் பிடித்தால் வழுக்கும். மாட்டுக் கயிறும் நைலோன் கயிறும் உள்ளங்கையை என்ன செய்யும் என்பதற்கு நானே சாட்சி.

வாங்கவேண்டியது, ஐந்து ஆறு அடி நீளமுள்ள தட்டையான துணிப் பட்டை ஒன்று. கழுத்துப்பட்டி இரண்டு விரல் உள்ளே போகும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும், தலை வழியாகக் கழன்று வராத அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும். இழுக்கும் நாய்க்கு மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் நல்லது. தானாக நீண்டு சுருங்கும் பட்டை வேண்டாம். நாலு நாய் நிற்கும் இடத்தில் எல்லாரும் சிக்கிக்கொள்வீர்கள்.

புதுப் பட்டையை வகுப்பு நாளில்தான் முதல்முதலாக மாட்டுவது பெரிய பிழை. ஒரு கிழமை முன்பே, சோறு வைக்கும்போது மாட்டுங்கள், சாப்பிட்டு முடித்ததும் கழற்றுங்கள். மூன்றாம் நாள் பட்டையைக் கையில் எடுத்தாலே தட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அப்புறம் வாசல் வரை, அப்புறம் வெளியே.

எந்த மொழியில் பேசுவது

மலையகத்தில் வகுப்புக்குப் போகும் தமிழர்களுக்கு இதுதான் தனிப் பிரச்சினை. வேறு எந்த வழிகாட்டியிலும் இருக்காது என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பயிற்றுநர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசுவார். வீட்டில் நாம் தமிழ். பிள்ளைகள் தொலைக்காட்சி பார்த்து ‘கம்’, ‘சிட்’ என்பார்கள். பாட்டி ‘இந்தா இந்தா’ என்பார். நாய்க்கு மொழி கிடையாது, ஒலிதான். ஆகவே ஒரு செயலுக்கு வீடு முழுக்க ஒரே ஒலி இருக்கவேண்டும். அது எந்த மொழியாக இருந்தாலும் பரவாயில்லை.

ஆனால் சில சொற்களைத் தவிர்க்கத்தான் வேண்டும். ‘வாடி’ கதையைச் சொல்லிவிட்டேன். இன்னொன்று, சிங்களத்தில் ‘வா’ என்பதற்கு ‘என்ன’ என்பார்கள். வகுப்பில் அதைக் கேட்டுப் பழகிய நாய், நீங்கள் போனில் “என்ன? என்ன சொல்றீங்க?” என்று கேட்கும்போதெல்லாம் ஓடிவந்து நிற்கும். முதலில் வேடிக்கையாக இருக்கும். ஓடிவந்து ஓடிவந்து ஒன்றும் கிடைக்காமல் போனபின் அந்தச் சொல்லையே கண்டுகொள்ளாது, அப்போது வேடிக்கை போய்விடும். தமிழ்ச் சொற்களிலும் கவனம் தேவை. ‘இரு’ என்பது உட்காரவா, காத்திருக்கவா? நாளுக்கு நாற்பது தடவை ஒருவருக்கொருவர் ‘இரு வாறேன்’ என்கிறோம். ‘சரி’யும் அப்படித்தான். அவிழ்த்துவிடும் சொல்லாக அதை வைத்தால், பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருக்கையில் நாய் எழுந்து போய்விடும்.

எங்கள் வீட்டில் கடைசியில் உட்காருவதற்கு ‘சிட்’, வருவதற்கு ‘இங்கே’, பாய் மேல் இருப்பதற்கு ‘பாய்’, முடிந்தது போகலாம் என்பதற்கு ‘போதும்’ என்று வைத்தோம். கடதாசியில் எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டினோம். அம்மாவுக்கு ‘சிட்’ வாயில் வராது என்று நினைத்தேன். இரண்டே நாளில் என்னைவிடக் கண்டிப்பாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

சொல்லோடு ஒரு கைச்சைகையும் சேருங்கள். உட்காருவதற்கு உள்ளங்கையை மேலே உயர்த்துவது, வருவதற்குக் குனிந்து இரு கையும் விரிப்பது. நாய்க்குச் சொல்லைவிடச் சைகை சீக்கிரம் புரியும். மைதானத்தில் பத்துக் குரல் ஒன்றாகக் கேட்கும்போதும் சைகை குழம்பாது. முதல் நாளே பயிற்றுநரிடம், எங்கள் வீட்டுச் சொற்கள் இவை என்று சொல்லிவிடுங்கள். நல்ல பயிற்றுநர் சிரித்துவிட்டு ஏற்றுக்கொள்வார்.

வீட்டில் இரண்டு கிழமை

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. அதற்கு மேல் வேண்டாம்.

முதலில் ஒரு பாராட்டுச் சொல் வேண்டும். நாய் சரியாகச் செய்த அந்த நொடியைக் காட்டும் சொல் அது. தினமும் பேச்சில் வராத, குட்டையான சொல்லாக இருக்கட்டும். நான் வைத்தது ‘ஜோர்’. ‘ஜோர்’ என்று சொல்லி, ஒரு நொடிக்குள் வாயில் ஒரு துண்டு தின்பண்டம். இப்படி நாலு நாள், வேறு எந்த வேலையும் இல்லாமல். அந்தச் சொல் கேட்டதும் தலை திரும்புகிறதென்றால் பிடித்துக்கொண்டது.

அடுத்தது பெயர். பெயரை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். முகத்தைப் பார்த்தால் ‘ஜோர்’, துண்டு. பார்க்காவிட்டால் திரும்பத் திரும்பக் கூப்பிடாதீர்கள். ‘ராணி ராணி ராணி ராணி’ என்று கத்தினால், நாலாவது ராணிக்குத்தான் திரும்பவேண்டும் என்று அது படித்துக்கொள்ளும். இன்னொன்று, பெயரைச் சொல்லித் திட்டாதீர்கள். கோழியைத் துரத்தும்போது மட்டும் பெயர் காதில் விழும் நாய், பெயரைக் கேட்டால் ஓடத்தான் செய்யும்.

பிறகு பாய். வகுப்பில் பாதி நேரம் உங்கள் முறைக்குக் காத்திருப்பதுதான். ஆகவே காத்திருக்கத் தெரிந்த நாய் பாதி பாஸ். வீட்டில் ஒரு பழைய சணல் சாக்கையோ விரிப்பையோ போட்டு, அதில் நாய் தானாகக் கால் வைத்ததும் துண்டு, படுத்தால் இரண்டு துண்டு. ஒரு கிழமையில் அந்தச் சாக்கு அதன் இடமாகிவிடும். மைதானத்தில் அதை விரித்தால் வீட்டு வாசனையோடு ஒரு மூலை கிடைத்துவிடும். உரச்சாக்கு, மருந்தடித்த சாக்கு எதுவும் கூடாது, கழுவினாலும் வேண்டாம். நாய் நக்கும்.

காது, பல், பாதம், வால் எல்லாவற்றையும் தொட்டுப் பழக்குவதை இடையிடையே செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் இடத்தை மாற்றுவது. அடுப்படியில் உட்காரும் நாய் முற்றத்தில் உட்காராது. முற்றத்தில் சரி வந்தபின் லயத்து வாசல், அதன்பின் ரோட்டோரம். காலையில் தோட்ட வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக்களம் சாயந்தரம் காலியாகக் கிடக்கும், அது அருமையான இடம். இருட்டுமுன் முடித்துவிடுங்கள். மலைப்பக்கம் சிறுத்தை நாயைத் தேடி வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

கடைசியாக, தூரம். இதை மட்டும் நான் முன்பே செய்திருந்தால் முதல் நாள் தப்பியிருப்பேன். வேறு நாய் நிற்கும் பக்கம் உங்கள் நாயோடு மெல்ல நடங்கள். அந்த நாயைக் கவனிக்கிறது, ஆனாலும் உங்கள் கையிலிருந்து துண்டை வாங்கித் தின்கிறது என்றால் அந்தத் தூரம் சரி. துண்டை மூக்கருகில் நீட்டியும் திரும்பாவிட்டால் நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள். பசியில்லை என்று நினைக்காதீர்கள், மனசு அங்கே இல்லை. அதற்கு முன்பே சில அடையாளம் தெரியும்: உதட்டை நக்குவது, தூக்கமில்லாத கொட்டாவி, காது பின்னால் படிவது, கண்ணோரம் வெள்ளை தெரிவது. அவற்றைக் கண்டால் பின்வாங்குங்கள். ராணியின் தூரம் முதலில் முப்பது அடி. லயத்து நாய்கள் அவிழ்ந்தே திரிவதால் இதை விடியற்காலையில் செய்வது வசதி, அவை இன்னும் அடுப்புச் சாம்பலைவிட்டு எழுந்திருக்காது.

பைக்குள் என்ன

தின்பண்டம்தான் முதல். கடலைப் பருப்பு அளவுக்குத்தான் ஒவ்வொரு துண்டும், ஆனால் நூறு துண்டாவது வேண்டும். மூன்று தரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். இலேசான வேலைக்குக் கரட் துண்டு, நுவரெலியாக் கரட்டுக்கு நம்மூரில் பஞ்சமில்லை. நடுத்தரத்துக்கு உப்பில்லாமல் அவித்த கோழி. மற்ற நாய் பக்கத்தில் வரும் நேரத்துக்கு அவித்த கோழி ஈரல், அதற்கு நிகர் கிடையாது. கருவாடு வாசனையாக இருக்கும், ஆனால் உப்பு அதிகம். சொக்லேட், முந்திரிகை வற்றல், வெங்காயம் சேர்ந்த எதுவும் நாய்க்கு நஞ்சு. ஆகவே நேற்றைய கோழிக்கறியைக் கழுவி எடுத்துப்போகும் யோசனையை விட்டுவிடுங்கள்.

தண்ணீர்ப் போத்தல், ஒரு கிண்ணம், சாக்கு, பழைய துவாய் இரண்டு, அள்ளிப்போடப் பொலித்தீன் பை, ஊசி அட்டை. உங்களுக்குச் சப்பாத்து. ஈரப்புல்லில் செருப்போடு நாயைப் பிடிப்பது எலும்புக்குக் கேடு. தொங்கும் சால்வை வேண்டாம். இடுப்பில் கட்டும் சின்னப் பை இருந்தால் தின்பண்டம் சட்டென்று கைக்கு வரும்.

குடையையும் மழைக் கோட்டையும் வீட்டிலேயே காட்டிப் பழக்குங்கள். திடீரென விரியும் குடைக்குப் பாய்ந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். ஹற்றன், கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபருக்குப் பிறகு. வகுப்பை எந்த மாதம் தொடங்குவது என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

வளைவுகளில் போய்ச் சேர்வது

வகுப்புக்கு மூன்று நாலு மணித்தியாலம் முன்பே சாப்பாட்டை முடியுங்கள், அதுவும் பாதி அளவு. அப்போது வாந்தி குறையும், மைதானத்தில் பசியும் இருக்கும். அதற்கு முந்தின கிழமையில் ஓடாத வாகனத்துக்குள் உட்காரவைத்துத் துண்டு கொடுங்கள். பிறகு அடுத்த சந்தி வரை ஒரு சுற்று, பிறகு கம்பளை வரை. வாகனம் என்றாலே ஊசி என்று பழகிய நாய்க்கு இது இரட்டிப்பு அவசியம்.

ஆட்டோவில் போவதென்றால் சாரதியிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். நாய் என்று தெரியாமல் வந்து நிற்பவர் காலையில் திரும்பிப் போய்விடுவார். சாக்கை நீங்களே விரித்து, நாயைக் காலடியில் இருத்தி, பட்டையை ஹார்னஸில் மாட்டிக் கையில் பிடியுங்கள். கழுத்துப்பட்டியோடு கம்பியில் கட்டிவிட்டால், வளைவில் தூக்கி எறியப்படும்போது கழுத்து மாட்டிக்கொள்ளும். பாதி வழியில் ஒரு தடவை இறக்கி நடக்கவிடுங்கள்.

முதல் நாள் மைதானத்தில்

கால் மணித்தியாலம் முன்பே போய்விடுங்கள். வாகனத்திலிருந்து இறக்கியதும் உள்ளே போகாமல் வெளியே ஒரு சுற்று, மூத்திரம் போகட்டும், மண்ணை மோப்பம் பிடிக்கட்டும். பிறகு மைதானத்தின் ஓரமாக, உங்கள் நாயின் தூரத்தில் சாக்கை விரியுங்கள். நடுவில் வரச் சொன்னாலும், ‘இன்று இங்கேயே நிற்கிறோம்’ என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். காசு கொடுத்தது நீங்கள்.

“என் நாய் ஒண்ணும் செய்யாது, பழகட்டும்” என்று ஒருவர் தன் நாயை மூக்கோடு மூக்காகக் கொண்டுவருவார். எல்லா வகுப்பிலும் இப்படி ஒரு அண்ணன் உண்டு. இரண்டு பட்டையும் இறுகியிருக்கும்போது நாய்களுக்கு விலகிப் போக வழியில்லை, அப்போதுதான் கடி நடக்கும். நடுவில் நீங்கள் நின்றுகொண்டு, “எங்களுடையது இன்னும் பழகல அண்ணே” என்று சொல்லித் திரும்பி நடங்கள்.

குரைத்தால் அதட்டவேண்டாம். நாமும் சேர்ந்து குரைப்பதாகத்தான் அது நினைக்கும். தூரமாகக் கொண்டுபோய், ஒரு மரத்துக்கோ வேனுக்கோ பின்னால் மறைத்து, மூச்சு ஆறியபின் திரும்புங்கள். முதல் நாள் முழுக்க வேன் மறைவில் இருந்து எட்டிப் பார்ப்பதும் வகுப்புதான். குடும்பத்தோடு போனால் பட்டையைப் பிடிப்பவர் ஒருவர் மட்டும். மற்றவர்கள் பயிற்றுநர் சொல்வதைக் கேட்டு வைத்துக்கொள்ளட்டும், உங்களுக்குப் பாதி காதில் ஏறாது.

யாருக்காவது கடி பட்டால், எந்த நாயாக இருந்தாலும், ஊசி போட்ட நாயாக இருந்தாலும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளும் கோப்பித் தூளும் வைத்து வீட்டில் இருக்காதீர்கள்.

வீடு திரும்பியதும் நாயைத் தூங்க விடுங்கள். அடுத்த நாளும் ஓய்வு. செவ்வாய்க்கிழமையிலிருந்து, சொல்லிக்கொடுத்ததில் ஒன்றை மட்டும் எடுத்து, அதே ஐந்து நிமிடக் கணக்கில்.

வகுப்பே இல்லாத ஊரில்

பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ இருந்துகொண்டு கிழமைக்கு ஒரு தடவை கண்டிக்கு வருவது எல்லாராலும் ஆகிற காரியமில்லை. நாங்களும் ஐந்தாவது ஞாயிறோடு நிறுத்திவிட்டோம், வாகனக் கூலி கட்டுப்படியாகவில்லை. அதற்குப் பதில் தோட்டத்தில் நாய் வளர்க்கும் மூன்று வீடு சேர்ந்து, ஞாயிறு பின்னேரம் பெரட்டுக்களத்தில் கூடுகிறோம்.

இதற்கும் அதே ஒழுங்குதான். மூன்று நாய்க்கும் ஊசி அட்டை இருக்கவேண்டும். களத்தின் மூன்று மூலையில் மூன்று சாக்கு. முதல் இரண்டு ஞாயிறும் யாரும் மூலையை விட்டு நகரவில்லை. சும்மா உட்கார்ந்து, மற்ற நாய்களைப் பார்த்ததற்கெல்லாம் துண்டு கொடுத்தோம். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு. மூன்றாம் ஞாயிறு ஒவ்வொருவராக எழுந்து நடுவே நடந்து திரும்பினோம், மற்ற இரண்டும் சாக்கில் இருக்க. பிறகு சாக்குகளை ஐந்து அடி ஐந்து அடியாக நெருக்கினோம். ஒரு நாய் குரைத்தால் எல்லாரும் பழைய இடத்துக்கு. ஒருவர் மட்டும் நாயில்லாமல் நின்று நேரம் பார்க்கவேண்டும், அரை மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். நேரம் முடிந்ததும் அவர் ‘போதும்’ என்பார், மூன்று நாயும் ஒன்றாக எழுந்துவிடும்.